தட்டியவரும் திறந்தவர்களும்

முகத்துவாரம் என்னும் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். துவாரம் என்றால் வாயில். களனி கங்கை கடலோடு கலக்கும் வாயில் இது. ஆற்று நீர் இவ்வாயிலால் கடலுக்குச் செல்கிறது. மீனவரும் வணிகரும் கடலோடிகளும் இக்கரைக்கு வந்து சேர்ந்தனர். வந்தவர்கள் பலர் இங்கேயே தங்கிக் குடும்பமாகி, கோவில் எழுப்பி, இன்று நாம் காணும் பங்குகளாயினர். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் என்று விரியும் இப்பகுதியின் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு தலைமுறையில் வேறோர் ஊரிலிருந்து வந்தவையே. அன்று யாரோ ஒருவர் நம் பாட்டனுக்குத் திண்ணையில் இடம் கொடுத்திருப்பார். யாரோ ஒரு தாய் ஒரு கோப்பை தேநீரோ ஒரு கிண்ணம் கஞ்சியோ கொடுத்திருப்பார்.

அன்பார்ந்த வாசகர்களே, இன்று நம் பங்குகளில் அவ்வாயில் எவ்வளவு திறந்திருக்கிறது? ஞாயிறு திருப்பலியில் பத்தாண்டுகளாக நமக்கு முன்வரிசையில் அமர்ந்திருப்பவரின் பெயர் நமக்குத் தெரியுமா? சமாதானம் பகிரும் வேளையில் கைகூப்பிப் புன்னகைக்கிறோம். கோவில் வாசலைத் தாண்டியதும் அவரவர் வழியில் போய்விடுகிறோம். மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் தனித்திருக்கும் முதியவர் நோயுற்றதை, அவருடைய அடக்கப் பூசையின் அறிவித்தலைக் கேட்ட பின்னரே அறிகிறோம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னரோ இந்த இடைவெளியோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. முன்பின் அறியாத ஒருவர் கோவிலுக்குள் வந்தால் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கையிலிருக்கும் பையைப் பார்க்கப் பழகிவிட்டோம். இதில் நம்மைக் குறைகூறுவார் எவருமில்லை. ஆயினும், அந்நியரை வரவேற்கும்படி கட்டளை பெற்ற திருச்சபை, அந்நியரை அஞ்சும் காலத்தில் எவ்வாறு வாழ்வது என்னும் கேள்வி நம்முன் நிற்கிறது.

இக்கேள்விக்கு நம் நாட்டின் புனிதர் தம் வாழ்வாலேயே விடை தந்திருக்கிறார். அவர் புனித யோசேவாஸ் அடிகளார். அவருடைய வரலாற்றை நாம் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் துணிவாகவே நினைவுகூர்கிறோம். இன்று அதே வரலாற்றை, அவருக்குக் கதவு திறந்த சாதாரண குடும்பங்களின் பக்கத்திலிருந்தும் பார்ப்போம்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனாலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். கோவாவிலேயே கல்வி கற்று 1676இல் குருவானார். குருத்துவம் பெற்றபின் ஏழைகளைப் போல் வெறுங்காலுடன் நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். 1677இல் தம்மை அன்னை மரியாளின் அடிமையாக எழுதிக்கொடுத்து அந்த முறியை அன்னையின் பாதத்தில் வைத்தார். அப்போதே அவர் மனம் இலங்கையை நாடியிருந்தது. ஆனால் மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டுக் கரையோர மறைப்பணிக்கு அனுப்பினர். அவர் மறுப்பின்றிச் சென்று 1684 வரை மங்களூர்ப் பகுதியில் உழைத்தார். கோவாவுக்குத் திரும்பியபின், 1685இல் அங்கு உருவாகியிருந்த ஒராத்தோரியன் குருக்களின் சிறு குழுவில் சேர்ந்து அதன் தலைவராகவும் ஆனார்.

அன்றைய இலங்கையின் நிலை என்ன? 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கோவில்கள் பறிக்கப்பட்டன. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இல் ஒல்லாந்தர் கட்டளை பிறப்பித்தனர். இக்கட்டளையைச் சற்று நிதானித்து நோக்குங்கள். சாவுக்குரிய குற்றமாக அங்கே எண்ணப்பட்டது விருந்தோம்பல். ஒரு களைத்த மனிதருக்குப் பாய் விரித்துக் கொடுப்பதும் ஒரு நேரச் சோறு இடுவதும் தலைபோகும் காரியங்களாயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் குருவின்றி வாழ்ந்தனர். திருமணமும் திருமுழுக்கும் ஒல்லாந்தரின் கோவில்களில் பதியவேண்டியிருந்தது. செபமாலை வீட்டின் உட்புறத்தில் மறைந்தது.

இச்செய்தி அறிந்த அடிகளார் 1686இல் தலைமைப் பொறுப்பைத் துறந்து, யோவான் என்னும் பணியாளரோடு புறப்பட்டார். மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடியை அடைந்தார். 1687இல் குருவுக்குரிய உடையைக் களைந்து, கூலியாளின் கந்தல் உடையில் கப்பலேறினார். புயலில் அலைக்கழிந்த அப்பயணம் மன்னாரில் கரைதொட்டுப் பின் யாழ்ப்பாணத்தில் முடிந்தது. பட்டினியாலும் களைப்பாலும் அவர் கடுமையான வயிற்றளைச்சலுக்கு ஆளாகி, அறிமுகமற்ற ஊரில் ஆதரவின்றிக் கிடந்தார். இரக்கம் கொண்ட சில பெண்கள் கொடுத்த கஞ்சியே அவரைப் பிழைக்க வைத்தது என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அவர் யார் என்று அப்பெண்களுக்குத் தெரியாது. இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்பு அந்தக் கஞ்சிக் கிண்ணத்திலிருந்தே தொடங்கியது என்றால் அது மிகையன்று. அவர்களுடைய பெயர்களை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை, விண்ணகம் மறந்திருக்காது.

உடல் தேறியபின் அவர் ஒரு வழி கண்டார். கழுத்தில் செபமாலையை வெளியே தெரியுமாறு அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். பிச்சை அவருக்கு உணவாயிற்று. அதனினும் மேலாக, மறைந்து வாழும் தம் மக்களைத் தேடும் வழியாயிற்று. செபமாலையைக் கண்டு முகம் சுளித்தவர் உண்டு. ஏளனம் செய்தவரும் உண்டு. சில முகங்களில் மட்டும் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. அத்தகைய வீடுகளுக்கு அவர் மீண்டும் சென்றார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அம்மக்கள் அவரைக் கண்டவுடன் கட்டியணைத்துவிடவில்லை. வந்திருப்பவர் ஒல்லாந்தரின் ஒற்றராக இருக்கலாம் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. நிதானமாகப் பார்த்தனர், பேசிப் பழகினர், தங்களுக்குள் கலந்து ஆலோசித்தனர். அவர் குரு என்று தெளிந்தபின் உயிரையே பணயம் வைத்து ஏற்றுக்கொண்டனர். முன்னெச்சரிக்கை அவர்களிடம் இருந்தது. அது அவர்களுடைய அன்பை அணைத்துவிடவில்லை. இன்று கோவில் வாசலில் பையைச் சோதிக்கும் இளைஞர் ஒருவர், சோதித்து முடித்தபின் புன்னகையோடு வாருங்கள் என்று உள்ளே அழைத்து இருக்கை காட்டுவாரானால், அவர் அந்த யாழ்ப்பாணக் குடும்பங்களின் வழியிலேயே நிற்கிறார். சோதனையோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணும்போதுதான் நாம் அவ்வழியிலிருந்து விலகுகிறோம்.

பற்றுறுதிமிக்க கத்தோலிக்கர் வாழ்ந்த சில்லாலைக் கிராமம் அடிகளாருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவில் வீடு வீடாகச் சென்று பாவசங்கீர்த்தனம் கேட்டார். விடியுமுன் திருப்பலி ஒப்புக்கொடுத்து வேறிடம் சென்றார். ஒரு வீட்டில் பூசை நடப்பதென்றால், அவ்வீட்டார் மட்டுமன்றி, வழிகாட்டியவர், காவல் நின்றவர், செய்தி சொன்னவர், வாய்திறவாதிருந்த அயலவர் அனைவருமே அதில் பங்காளிகள். ஒருவர் மற்றவரை முழுமையாக நம்பினாலன்றி அத்தகைய வாழ்வு ஒருநாளும் நடவாது. அவர்களுக்கு நட்பு என்பது பொழுதுபோக்கன்று. விசுவாசம் உயிரோடிருப்பதற்கான வழியே அதுதான்.

அந்நம்பிக்கை 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. பெருவிழாவுக்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. பிடிபட்டோரில் முதன்மையானவர்கள் சாட்டையால் அடிக்கப்பட்டனர். ஒல்லாந்தரின் சமயத்தை விட்டுக் கத்தோலிக்கராகியிருந்த தொன் பேதுரு அந்த அடிகளாலேயே உயிர்துறந்தார். ஏனையோர் கோட்டையில் கடும் உழைப்புக்கு அனுப்பப்பட்டு அத்துன்பத்திலேயே மாண்டனர். ஒரு குருவை வீட்டில் ஏற்றதற்காக அவர்கள் கொடுத்த விலை இது. நம் வீட்டில் அன்பியக் கூட்டம் வைக்கும் முறை வரும்போது, இடம் போதாது, நேரமில்லை, பலகாரம் செய்ய இயலாது என்று நாம் சொல்லும் காரணங்களை இந்நினைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வட பகுதியில் தங்குவது மக்களுக்கே ஆபத்து என்று கண்ட அடிகளார் 1690இல் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். அங்கு ஓராண்டுக்கு மேல் பணிசெய்தபின் 1692இல் கண்டி நோக்கி நடந்தார். அங்கே காத்திருந்தது சிறை. அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர், அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் குற்றஞ்சாட்டியிருந்தார். அடிகளாரோடு சென்ற இரு கத்தோலிக்கரும் சிறையிடப்பட்டனர்.

சிறையில் அவர் என்ன செய்தார்? சிங்களம் கற்றார். முன்னரே தமிழைக் கற்றிருந்த அவர், இப்போது தம்மைச் சிறைவைத்தோரின் மொழியையும் பொறுமையோடு பயின்றார். காவல் தளர்ந்தபின் சிறை வளவுக்குள்ளேயே ஒரு சிறு குடிலைக் கோவிலாக்கினார். கண்டி நகரில் வாழ்ந்த கத்தோலிக்கர் ஒருவர் ஒருவராக அங்கே வரத்தொடங்கினர். விருந்தாளியாக வரவேண்டியவர் கைதியாக வந்தார். கைதியாக இருந்தவரே பிறரை வரவேற்கும் வீட்டுத் தலைவரானார். பிறகு அவர் செபங்களையும் மறைக்கல்வியையும் தமிழிலும் சிங்களத்திலும் அமைத்துக் கொடுத்தார். கொங்கணி மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் நமக்காக இரு மொழிகளைக் கற்றார். ஒரே கோவிலில் தமிழ்ப் பூசைக்கும் சிங்களப் பூசைக்கும் வருகின்ற நாம், வாசலில் எதிர்ப்படும்போது ஒருவருக்கொருவர் காலை வணக்கமேனும் சொல்லுகிறோமா?

1693இல் கண்டியில் கடும் வறட்சி நிலவியது. மன்னர் மழைக்காக மன்றாடுமாறு அடிகளாரிடம் கேட்டார். அவர் வெளியில் பீடமும் சிலுவையும் நாட்டி முழந்தாளிட்டு மன்றாட, மழை பொழிந்தது என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். மன்னர் அவருக்கு நடமாடும் உரிமையும் போதிக்கும் உரிமையும் அளித்தார். பௌத்த மன்னர் ஒருவர், ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் துரத்திய கத்தோலிக்கக் குருவுக்குத் தம் நாட்டில் இடம் கொடுத்தார். விருந்தோம்பல் நம் சமயத்தவருக்கு மட்டும் உரிய புண்ணியம் என்று நாம் நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவும் சான்று.

உரிமை பெற்ற அடிகளார் கண்டியின் எல்லைக்குள் அமர்ந்துவிடவில்லை. மீண்டும் ஒல்லாந்தர் ஆண்ட கரையோரங்களுக்கு மறைவாக வந்தார். நம் கொழும்பு நகரின் கத்தோலிக்கரையும் தேடி வந்து அருட்சாதனங்களை வழங்கினார். பின்னர் கோவாவிலிருந்து துணைக் குருக்கள் வந்து சேர்ந்தனர். கொச்சி ஆயர் அவரை இலங்கைக்கான முதன்மைக் குருவாக நியமித்த செய்தியும் வந்தது. ஆயினும் குருக்கள் சிலரே, நாடோ பெரிது. ஆண்டுக்கு ஒருமுறை கூடக் குருவைக் காணாத ஊர்கள் பல. எனவே அவர் ஒவ்வோர் ஊரிலும் பொதுநிலையினரையே பொறுப்பாளராக்கினார். மூப்பர் மக்களைக் கூட்டினார். அண்ணாவியார் செபம் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டினார். ஆபத்து வேளையில் திருமுழுக்குக் கொடுப்பதும், நோயாளியைச் சந்திப்பதும், இறப்பவரின் பக்கத்தில் இருந்து செபிப்பதும் அவர்கள் கடமையாயின. குரு அடுத்தமுறை வரும்வரை ஊரின் கத்தோலிக்கர் ஒரே குடும்பமாக நிலைத்திருந்தனர். இன்று நாம் அன்பியம் என்று அழைக்கும் அமைப்பின் வேரை அங்கே காணலாம். பங்குத்தந்தை வரட்டும், அவர் தொடக்கி வைக்கட்டும் என்று காத்திருப்பது நம் முன்னோரின் வழக்கமன்று.

1697இல் கண்டியை வைசூரி தாக்கியது. மன்னரும் வசதி படைத்தோரும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோரை உற்றாரே கைவிட்டனர். அடிகளாரும், அவருக்குத் துணையாக வந்திருந்த உறவினரான யோசேப்பு கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோரைத் தேடிச் சேர்த்து, குடில்களிலும் வெறுமையான வீடுகளிலும் கிடத்தி, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். அந்நோயாளரில் மிகப் பலர் கத்தோலிக்கர் அல்லர். ஒருகாலத்தில் கந்தலோடு கஞ்சிக்குக் கையேந்தியவர் இப்போது மற்றவர்களுக்குக் கஞ்சி ஊட்டினார். கொரோனாக் காலத்தில், நோயுற்ற வீட்டின் வாசலில் உணவுப் பொதியை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிச் சென்ற அயலவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவரும் இந்த மரபின் பிள்ளையே.

கால்நடையாக நாடெங்கும் அலைந்த உடல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1705இல் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் வந்து சேர்ந்தார்; தமிழிலும் சிங்களத்திலும் மறைநூல்களை எழுதி அப்பணியைத் தொடர்ந்தவர் அவரே. யோசேவாஸ் அடிகளார் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது; அக்கல்லறை இருந்த சரியான இடம் இன்று எவருக்கும் தெரியாது. தங்குவதற்கு ஒரு வீடும் இன்றி வந்தவருக்கு இன்று அடையாளமிட்ட கல்லறையும் இல்லை. ஆனால் 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் நம் காலிமுகத்திடலில் அறிவித்தபோது, ஒரு நாடே அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றது. உங்களில் பலர் அத்திடலில் நின்றிருப்பீர்கள்.

அடிகளாருக்குப் பின்னும் அவருடைய சபைக் குருக்கள் மறைவாகவே இக்கரைகளில் பணிசெய்தனர். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டத் தடைகளை ஆங்கிலேயர் 1806இல்தான் நீக்கினர். அந்த நீண்ட காலத்தைச் சேர்ந்ததாக நம் பகுதியில் வழங்கும் மரபொன்றை நீங்கள் சிறுவயதிலேயே கேட்டிருப்பீர்கள். வணிகர் வேடத்தில் வாழ்ந்த அந்தோனியோ என்னும் குரு, துரத்திவந்த படையினருக்குத் தப்பி முகத்துவாரத்து மீனவர்களிடம் ஓடிவந்தார். கடலரிப்பால் குடிசைகளை இழந்துகொண்டிருந்த அவர்கள், கடல் பின்வாங்குமாறு மன்றாடினால் அடைக்கலம் தருவதாகக் கூறினர். அவர் கரையில் சிலுவையை நாட்டி மூன்று நாட்கள் மன்றாட, கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்தது என்பர். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தின் தொடக்கம் அந்தச் சிலுவையே என்று முன்னோர் நம்பினர். ஆகவே, செவ்வாய்க்கிழமைதோறும் இன, மத வேறுபாடின்றி மக்கள் திரளும் அத்திருத்தலத்தின் தொடக்கக் கதையும் ஓர் அடைக்கலத்தின் கதைதான். அடைக்கலம் கொடுத்தவர்கள் இந்த முகத்துவாரத்து ஏழை மீனவர்கள்.

அதே திருத்தலத்துக்குள் 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், பக்தரைப் போல ஒருவன் நுழைந்து குண்டை வெடிக்கச் செய்தான். அன்று நாட்டின் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் விடுதிகளிலும் நடந்த தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாள் யோசேவாஸ் அடிகளாரின் பிறந்தநாள். திறந்த வாயில் அன்று நம்மைக் காயப்படுத்தியது. ஆயினும் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களுள் எல்லா மதத்தவரும் இருந்தனர். சில வாரங்களில், ஜூன் மாதத்தில், திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. காயப்பட்ட கோவிலே மறுபடி கதவைத் திறந்திருக்க, நம் வீடுகளின் கதவுகளை நாம் என்ன செய்யப்போகிறோம்?

பெரிய திட்டங்கள் வேண்டியதில்லை. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே புறப்பட்டுவிடாமல், பெயர் தெரியாத ஒருவரின் பெயரைக் கேட்டு அறியுங்கள். அடுத்த ஞாயிறு அப்பெயரைச் சொல்லியே அழையுங்கள். பங்குக்குப் புதிதாக வந்த குடும்பம் எது என்று விசாரித்து ஒரு மாலைப்பொழுதில் வீட்டுக்கு அழையுங்கள். வெறும் தேநீரும் விசுக்கோத்தும் போதும். ஆடம்பர விருந்து அடுத்தவரை அழைக்கத் தயங்கச் செய்யும். அன்பியத்தில் வராமல் நின்றுபோனவரிடம் காரணம் கேட்டுக் குறைகூறாமல், சுகம் விசாரித்து வாருங்கள். மலையகத்திலிருந்து வேலைக்காக வந்து அறையொன்றில் தங்கியிருக்கும் இளைஞருக்கு நத்தார் அன்று உங்கள் மேசையில் ஓர் இடம் ஒதுக்குங்கள். உங்கள் பிள்ளைகள் இவற்றைப் பார்க்கட்டும். மறைக்கல்வி வகுப்பில் கற்பதை அவர்கள் வீட்டில் காணட்டும்.

மம்ரேயின் மரநிழலில் ஆபிரகாம் முன்பின் அறியாத மூவருக்கு ஓடிச்சென்று உணவளித்தார். தாம் யாரை உபசரிக்கிறோம் என்பதைப் பின்னரே அறிந்தார். யாழ்ப்பாணத்தில் கஞ்சி கொடுத்த பெண்களும் தாங்கள் ஒரு புனிதரைப் பிழைக்க வைத்ததை அறிந்திருக்கவில்லை. இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, அந்நியராக வந்த அவரை நாம் ஏற்றோமா என்பதாகவே இருக்கும். அதற்கான விடையை நாம் ஒவ்வொருவரும் இப்போதே, நம் வீட்டு வாசலில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இலங்கையின் திருத்தூதரான புனித யோசேவாஸ் அடிகளாரே, அச்சத்தால் இறுகிய எங்கள் உள்ளங்கள் இளகவும், எங்கள் பங்குகள் ஒரே குடும்பமாக வாழவும் எங்களுக்காக மன்றாடும். ஆமென்.